ஆமை வீட்டுக் கதவு

திருவொற்றியூர் ஷெட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலை உள்ளே வைக்கப்போன பெண்ணை நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதட்டினேன்.

"கால வெக்காத! அங்கயே நில்லு!"

யார் வந்தாலும் அந்த ஷெட்டில் இதுதான் வரவேற்பு. தபால்காரர், டீ கொண்டுவருகிறவர், ஷெட்டின் சொந்தக்காரர் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேசைமேல் ஒரு பொம்மை பாதி அடி எடுத்து வைத்து நிற்கும்போது பலகைத் தரையில் யாராவது நடந்தால், பொம்மை ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் பாழ்.

திட்டு வாங்கியவர்கள் வழக்கமாக முணுமுணுக்கவாவது செய்வார்கள். சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கலாம். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த முகம். தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாயங்காலம் டிவில ஒரு எலி டப்பா ஒண்ண தள்ளிகினு போச்சே. அந்த டப்பா இங்கதான் கீதா?"

"அது எலி இல்ல, மூஞ்சூறு" என்றேன். எனக்கு அப்போது அதுதான் முக்கியம். "டப்பா இங்கதான் இருக்கு. இன்னா வேணும்?"

"பாக்கணும்."

"ஷாட்டு போய்கினு கீது. முடியட்டும், உக்காருங்க."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் முள்ளம்பன்றியின் இடது காலுக்குத் திரும்பினேன். அவள் அங்கே சற்று உட்கார்ந்திருக்கட்டும். இந்த மூஞ்சூறும் டப்பாவும் என்னவென்று சொல்லாமல் அவள் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

காடு பார்க்காதவர்களின் காடு

சென்னைக்கு டிவி வந்த புதிது அது. தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்குப் பூங்காவிலோ ஊர்க்கூடத்திலோ மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த டிவிதான்.

பரமசிவம் சார் என்றொருவர். சினிமா கொட்டகைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு எப்படியோ டிவி நிலையத்தில் குழந்தைகள் தொடர் ஒன்று செய்ய அனுமதி கிடைத்தது. பெயர், 'கொன்றைக்காட்டுக் கூட்டாளிகள்'. முள்ளம்பன்றி முத்து, மூஞ்சூறு சின்னான், அணில் அம்முலு, ஆமை ஆறுமுகம். காட்டில் யார் எதைத் தொலைத்தாலும் இந்த நால்வரும் கண்டெடுத்து, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வாரம் ஒரு பொருள், ஒரு சொந்தக்காரர். அவ்வளவுதான் கதை.

கம்பியும் துணியும் பஞ்சும் வைத்துச் செய்த ஒரு சாண் பொம்மைகள். பொம்மையைத் துளி நகர்த்துவது, கேமராவில் ஒரு படம் எடுப்பது, மறுபடி துளி நகர்த்துவது. அதை ஓட்டிப் பார்த்தால் பொம்மை தானாக நடப்பதுபோல் தெரியும். நகர்த்துகிறவள் நான். கேமரா, சார். காட்டைக் கட்டியவர் சேவியர் அண்ணன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் மூன்று பேரும் காட்டைக் கண்ணால் கண்டதில்லை. ராயபுரத்தில் பிறந்தவளுக்குக் காடு ஏது? எனக்குத் தெரிந்த உயரமான மரங்கள், சர்ச் கொடிமரமும் ஹார்பர் கிரேனும்தான். சேவியர் அண்ணன் ஹார்பரில் தச்சராக இருந்து, ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வருஷா வருஷம் எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர் அவர். பெத்லகேமை எப்படிக் கட்டினாரோ அப்படியே கொன்றைக்காட்டையும் கட்டினார். பசையில் தோய்த்த சாக்கில் மலை, பச்சைச் சாயம் ஏற்றிய தேங்காய் நாரில் புல், குழாயடிச் சுவரிலிருந்து சுரண்டி வந்த பாசி.

"கொன்றை மரம் எங்கப்பா இருக்கு இதுல?" என்று சார் கேட்டார்.

"மஞ்சப் பூ ஒட்டிட்டா எல்லாம் கொன்னதான் சார்" என்றார் அண்ணன்.

வழுக்கிக்கொண்டு போன முள்ளம்பன்றி

எனக்கு இந்த வேலை கிடைத்ததும் குடிலால்தான். எங்கள் பக்கத்தில் மூன்று ராஜாக்களைக் கிறிஸ்துமஸ் அன்றே குடிலுக்குள் வைத்துவிட மாட்டார்கள். தூரத்தில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பாலன் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் சிறுவயதிலிருந்தே அது என் பொறுப்பு. "இந்தப் பொண்ணுக்கு அவசரமே கெடையாது சார், ராஜாவ நகத்தறதப் பாத்தா ஒங்களுக்கே தூக்கம் வந்துடும்" என்று சொல்லி அண்ணன் என்னைச் சேர்த்துவிட்டார். இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

ஆனால் குடில் ராஜாக்களின் ஒட்டகத்துக்குக் கால் அசையாது. அப்படியே தூக்கி நாலு விரற்கடை தள்ளி வைப்போம். நானும் அதே பழக்கத்தில் முள்ளம்பன்றியை நகர்த்தி வைத்துவிட்டேன். அண்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். படம் கழுவி வந்து பெட்ஷீட்டில் ஓட்டிப் பார்த்தால், முள்ளம்பன்றி நாலு காலையும் விறைப்பாக வைத்துக்கொண்டு கேரம் காய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

"என்னம்மா ஸ்டெல்லா, சக்கரம் கட்டிவிட்டியா?" என்றார் சார். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு கல்மண்டபம் தெருநாய்களின் பின்னால் அலைந்து, நாலு கால் எந்த வரிசையில் நகர்கிறது என்று கற்றுக்கொண்டேன். நாய்களுக்கு என்மேல் சந்தேகம் வந்து குரைத்ததுதான் மிச்சம்.

குழந்தைகள் தொடர் என்றதும் கலகலப்பான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மணலிக்குப் போகும் டாங்கர் லாரி தெருவில் திரும்பினாலே மேசை அதிரும். மேசைக் கால்களை மணல் நிரப்பிய டின்களுக்குள் நிறுத்தி வைத்திருந்தோம். உப்புக் காற்றில் பொம்மைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, ஷாட்டின் நடுவில் அணிலின் கழுத்து முறியும். கூரை இடுக்கு வழியாகக் கரி இறங்கி கூட்டத்துக்காகச் செய்து வைத்த முயல்குட்டிகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். அண்ணனுக்கு வேலை போன துக்கம். எனக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன துக்கம். சாருக்கு என்ன துக்கம் என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்று மூஞ்சிகளும் ஒன்றுபோல் தொங்கிக்கொண்டிருக்க, மேசைமேல் நாலு பொம்மைகள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

கரை ஒதுங்கியது

தொலைந்த பொருள்கள் விஷயத்தில் சேவியர் அண்ணனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

"தொலஞ்ச பொருள் தொலஞ்ச மாதிரி இருக்கணும் ஸ்டெல்லா. கடைல வாங்கி வெச்சா பல்லிளிச்சிடும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூர் கரைக்குப் போவார். கடல் ஒதுக்கிப் போட்டதில் சின்னதாக எது கிடைத்தாலும் பையில் போட்டுக்கொள்வார். பொத்தான், சோடா மூடி, ஒற்றைக் கம்மல், பாதி சீப்பு. ஒரு சாண் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் சோடா மூடி அண்டா மாதிரி தெரியும்.

அப்படி வந்ததுதான் அந்த டப்பா. வெற்றிலை போடுகிறவர்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளும் தட்டையான அலுமினியச் சுண்ணாம்பு டப்பா. கயிறு கோக்க மேலே ஒரு சின்ன வளையம். மூடியின்மேல் யாரோ ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு பூப் போட்டிருந்தார்கள். நாலு இதழ் முழுசாக இருந்தது. ஐந்தாவது இதழ் பாதியில் நின்றிருந்தது.

அதை நிமிர்த்தி வைத்ததும் அண்ணனுக்குக் கதவாகத் தெரிந்தது. மழையில் ஆமை வீட்டுக் கதவு அடித்துக்கொண்டு போய்விட, மூஞ்சூறு கண்டெடுத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று சார் ஒரு கதை பண்ணினார்.

"ஆமைக்குத்தான் முதுகுலயே வீடு இருக்கே சார்?" என்று கேட்டேன்.

"முதுகுல இருக்கறது ஓடு. வீடுன்னா கதவு வேணும்" என்றார்.

அந்த வாரத்துப் படம்தான் முந்தின நாள் டிவியில் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஷெட் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்துதான் வாசற்படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது இதழ்

ஷாட் முடிந்து அவளை உள்ளே கூப்பிட்டேன். மேசையருகே வந்தாள். சாக்கு மலையின் அடிவாரத்தில், ஆமை வீட்டு வாசலில், டப்பா நின்றிருந்தது. குனிந்து பார்த்தாள். மூச்சு அதன்மேல் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். கையை மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

"இது எங்கூட்டு ஆளு டப்பா" என்றாள்.

பெயர் கன்னியம்மா. ஊர் நெட்டுக்குப்பம். புருஷன் கட்டுமரத்தில் போனவர், புயல் நாளில் திரும்பவில்லை. உடைந்த கட்டுமரம் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. இரண்டு மூன்று மழைக்காலம் போய்விட்டது. அவருடைய தாயார், அதாவது கன்னியம்மாவின் மாமியார், கருமாதி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஏதோ கப்பல்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான், எந்த ஊரிலோ உயிரோடு இருக்கிறான், வருவான் என்பது அந்த அம்மாளின் வாதம். ஊரும் சரியென்று விட்டுவிட்டது. கன்னியம்மா பொட்டும் பூவுமாகவே இருந்தாள்.

"இந்தப் பூ நான் குத்தனது" என்றாள். "தலப்பிரசவம் முடிஞ்சி உக்காந்துகினு இருந்தேன். பொயுது போவல. ஆணிய வெச்சிகினு டொக்கு டொக்குனு குத்தினு இருந்தேன். கடைசி எதயி குத்தசொல்ல கொயந்த அயுதிச்சி. எயுந்து போனேன். அப்புறம் அப்பிடியே வுட்டுட்டேன்."

சேவியர் அண்ணன் மேசையருகே வந்தார். "எண்ணூர் கரைலதாம்மா எடுத்தேன். மழைக்கு முன்னாடி. தோ, மொகத்துவாரத்துக்கு இந்தாண்ட."

"இத்த அர்ணாக்கவுத்துல கட்டினு இருப்பாரு. குளிக்கசொல்லகூட அவுக்க மாட்டாரு" என்றாள் கன்னியம்மா.

அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. நான் ஆமையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன்தான் முதலில் அசைந்தார். "எடுத்துனு போம்மா. ஒன் பொருளு" என்று டப்பாவைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"எடுக்காத நைனா!"

ஷெட்டே அதிரும்படி கத்திவிட்டாள். இரண்டடி பின்னால் போய், சுவரில் முதுகு இடிக்க நின்றாள்.

"நான் வாங்க வரல. அதான்னு தெரிஞ்சிகினு போவத்தான் வந்தேன். எம்பொண்ணுக்குத் தை மாசம் கண்ணாலம்."

நம் ஊர் வழக்கம்

நம் ஊர்க் கல்யாண வீட்டில் தாலியறுத்தவளுக்கு எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்று வளர்த்த மகளாக இருந்தாலும் அவள் எதிரே வரக் கூடாது, தாம்பாளத்தைத் தொடக் கூடாது, மஞ்சள் அரைக்கக் கூடாது. சமையல்கட்டில் நின்று ஆளோடு ஆளாக எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். என்ன வழக்கமோ! இதை உண்டாக்கினவர்கள் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அந்த டப்பா இன்று நெட்டுக்குப்பம் போனால் கன்னியம்மா இன்றே விதவை. கல்யாணம் தள்ளிப் போகும். துக்கம் விழுந்த வீடு என்று சம்பந்தம் கைவிட்டும் போகலாம். அப்படியே கல்யாணம் நடந்தாலும், அவள் ஆணி குத்தியதை நிறுத்திவிட்டு ஓடிப் போய்த் தூக்கிய அதே மகளுக்கு, தாய் முன்னால் நிற்க முடியாது.

"நான் இத்த தொடல. தொட்டுட்டா அப்பால இல்லன்னு சொல்ல முடியாது" என்றாள். "தை வரைக்கும் நான் பாக்கல. நீங்களும் காட்டல. ஆனா டிவில வந்துச்சின்னா எம்மாமியா பாத்துடும். நேத்து கெயவி கோயிலுக்குப் போயிருந்துது. கொயுந்தன் கடலுக்குப் பூட்டாரு. பசங்கதான் ஒக்காந்து பாத்துகினு இருந்துதுங்க. பசங்களுக்கு இன்னா தெரியும்?"

"வேற கதவு செஞ்சிடறேம்மா. இத்த பத்திரமா எடுத்து வெச்சிடறேன்" என்றார் அண்ணன்.

கன்னியம்மா யோசித்தாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாணாம். பொட்டில போட்டு மூடாத. இங்கியே நிக்கட்டும். மூஞ்ச மட்டும் அந்தாண்ட திருப்பி வெச்சிடு. வாரா வாரம் முதுகையாவது பாத்துக்கறேன்."

அதுவரை பேசாமல் கேமராவுக்குப் பின்னால் நின்ற பரமசிவம் சார் இப்போது வாயைத் திறந்தார். "அப்படித் திருப்பி வைக்க முடியாதும்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவர் என்று நினைத்தேன். போன வாரம் இந்தப் பக்கம் பார்த்த கதவு இந்த வாரம் அந்தப் பக்கம் பார்த்தால், பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. சட்டையில் பொத்தான் இடம் மாறினால்கூட டிவி நிலையத்துக்குக் கடிதம் போடும் பிள்ளைகள் இருந்த காலம் அது.

சார் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு கேமராவிலிருந்து அன்றைக்கு எடுத்த படச்சுருளைக் கழற்றினார். அதில் நாங்கள் இரண்டு நாளாக எடுத்தது இருந்தது, எல்லாவற்றிலும் அந்தப் பூ தெரிந்தது. எடுத்ததை மறுபடி எடுக்கும் வழக்கமே இல்லாத மனிதர், வெளிச்சத்தில் அதை உருவிப் பாழாக்கிக் கீழே போட்டார்.

"ஆமையே திருப்பட்டும்" என்றார். "கதவ அது ஏன் திருப்புதுன்னு கதைய நான் பாத்துக்கறேன். நீ திருப்பு ஸ்டெல்லா."

ஆமைக்கு என்ன கோபம்

அன்று மதியம் அந்த ஷாட்டை எடுத்தோம். கன்னியம்மா போகவில்லை. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆமையின் முன்னங்கால்கள் இரண்டையும் டப்பாவின் ஓரத்தில் பொருத்தி, டப்பாவை ஒரு துளி திருப்பினேன். சார் படம் எடுத்தார். மறுபடி ஒரு துளி. மறுபடி படம்.

"இம்மாங்காண்டுதான் திருப்புவியா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா. ஒரு நெல்லு அளவு."

சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இதழ் விளிம்பில் மறையத் தொடங்கியிருந்தது.

"அத்தவுட கம்மியா திருப்ப முடியாதா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் படச்சுருள் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பாதி நெல் அளவாகக் குறைத்தேன். அதற்குப் பிறகு கால் நெல் அளவுகூட இல்லை. கை வலித்தது, கழுத்து இறுகிப் போனது, ஆனால் வேகமாகத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. வெளியே லாரி ஒன்று திரும்பும் சத்தம் கேட்டபோதெல்லாம் நாங்கள் நிறுத்திவிட்டு, அது போகும்வரை காத்திருந்தோம். கன்னியம்மாவும் எங்களோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பூ முழுவதும் மறைந்தது. வெறும் அலுமினிய முதுகு மட்டும் தெரிந்தது.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதாங்க்கா."

எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள். "மீனு ஏலம் வுடற நேரம், போவணும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அழவே இல்லை. நான்தான் அவள் போன பிறகு, பொம்மைகளுக்குத் துணி வெட்டும் மேசைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி டிவியில் வந்தது. அன்றைக்கு மட்டும் மாமியாரை டிவி பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதாகக் கன்னியம்மா சொல்லியிருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது, அதனால் கதவைத் திருப்புகிறேன் என்று ஆமை சொல்வதாகச் சார் வசனம் எழுதியிருந்தார். காட்டில் ஏது தெருவிளக்கு என்று யாரும் கேட்கவில்லை. டிவி நிலையத்து அதிகாரி ஒருவர் மட்டும், "ஆமைங்கறதுக்காக இவ்வளவு மெதுவாவா?" என்று சாரிடம் அலுத்துக்கொண்டாராம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை என்னிடம் வந்து, "ஆமைக்கு யாரு மேலக்கா கோவம்? ஏன் மூஞ்ச திருப்பிகிச்சி?" என்று கேட்டாள்.

தை

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. வாரா வாரம் கொன்றைக்காட்டில் ஏதாவது தொலைந்தது, கிடைத்தது. எந்தக் கதையாக இருந்தாலும் ஒரு மூலையில் ஆமை வீடும் கதவும் தெரியும்படி சார் கேமராவை வைத்தார். சில கதைகளில் அந்தக் கதவுக்கு ஒரு வேலையும் கிடையாது.

எனக்கு மட்டும் ஓயாத பயம். கரித் தூசி துடைக்கும்போது டப்பாவைத் துணியால் ஒற்றி எடுப்பேன், பிடித்துத் தூக்க மாட்டேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் எனக்குக் கிறிஸ்துமஸாகவே இல்லை. நடுச்சாமப் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட அந்த மாமியார் ஞாபகம்தான் வந்தது. மகன் வருவான் என்று அந்த அம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இல்லை என்ற சேதி எங்கள் ஷெட்டில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் தகப்பனார் பெயரை முதன்முதலாக அதில்தான் பார்த்தேன், கன்னியம்மா வாயால் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடுவதுபோலவே போட்டிருந்தார்கள்.

நான் போனேன். அம்மன் கோயிலுக்கு எதிரே பந்தல். பின்னால் கடல், பக்கவாட்டில் பவர் ஹவுஸ் புகைபோக்கி. கன்னியம்மா மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிய, பந்தல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தை அவள்தான் எடுத்தாள். பெண்ணை அவள்தான் அழைத்து வந்தாள். அட்சதை போட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

மாமியார் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவளிடம், "எம்மவன் எந்தச் சீமைல கீறானோ. இன்னிக்கி இங்க இருந்திருந்தா அவன் ஆட்டத்துக்குப் பந்தலே பிச்சிகினு போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மா அப்போது அந்தப் பக்கமாகத்தான் போனாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

என்னைப் பார்த்தாள். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுவாரம் அவள் ஷெட்டுக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தோம். கை கழுவிவிட்டு எழுந்தோம்.

"மறுவூட்டு விருந்தெல்லாம் முடிஞ்சிட்ச்சி" என்றாள். "பொண்ணு புருசன் வூட்டுக்குப் பூட்டா."

அண்ணன் சாக்கு மலையிலிருந்து டப்பாவை எடுத்தார். ஆடாமல் நிற்பதற்காக உள்ளே களிமண் அடைத்து வைத்திருந்தார். அதை ஆணியால் கிளறி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து நீட்டினார். கன்னியம்மா இரண்டு கைகளாலும் வாங்கினாள். கட்டைவிரலால் அந்தப் பாதி இதழைத் தடவினாள். அதே விரலால் மூடியைத் திறந்தாள்.

"எடுக்கசொல்ல உள்ள ஏதாவது இருந்திச்சா நைனா?"

"சுண்ணாம்பு இருந்துதும்மா. காஞ்சி கல்லாட்டம். மண்ணு அடைக்கணும்னு சொரண்டிப் போட்டுட்டேன்."

"தண்ணி?"

"இல்லம்மா. ஒரு சொட்டு இல்ல. மூடி அம்மாம் கெட்டியா இருந்தது."

"சுண்ணாம்புல அவரு வெரலு பட்ட பள்ளம் இருந்திருக்கும்" என்றாள். யாரையும் குறை சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூடியை அழுத்தி மூடினாள். முந்தானையில் வைத்து முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி அவள் வீட்டுக்குப் போய், மாமியார் முன்னால் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். பஸ்ஸில் தனியாக எப்படிப் போவாள் என்று வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"நானும் கூட வரட்டுமாக்கா?"

"வாணாம்மா" என்றாள் கன்னியம்மா, இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. "நாங்க ரெண்டு பேரும் போய்க்கறோம்."